கண்டும் காணாமல்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா எழுந்து நடமாடத் தொடங்கிவிட்டார்கள் என்று படித்ததும்தான் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்குத் தேர்வு முடிந்துவிட்டது. வீட்டில் இப்போதுதான் விளக்கை நேரத்தோடு அணைக்கிறோம்.

உன் மொழிபெயர்ப்பில் 'டர்ன் எ பிளைண்ட் ஐ' (பார்வையற்ற கண்ணைத் திருப்புவது) என்ற ஆங்கிலத் தொடருக்குக் 'கவனிக்கத் தவறினார்கள்' என்று போட்டுவிட்டு, சரிதானா என்று கேட்டிருக்கிறாய். சரியில்லை. அசதியில் எதையோ பார்க்காமல் விட்டவனை அந்தத் தொடர் சொல்வதில்லை. தெரிந்தே தெரியாததுபோல் இருந்தவனைத்தான் சொல்கிறது. 'கண்டும் காணாமல் இருந்தார்கள்' என்று எழுது, அப்படியே பொருந்தும்.

இந்தத் தொடரோடு சேர்த்துச் சொல்லப்படுவது பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் கதை. 1794இல் கோர்சிகாத் தீவில் நடந்த கால்வி முற்றுகையில் அவருடைய வலது கண் பார்வை போனது. 1801 ஏப்ரல் 2, கோபன்ஹேகன் கடற்போர். சண்டை உச்சத்தில் இருக்கும்போது, தொலைவில் நின்ற தலைமைத் தளபதி ஹைட் பார்க்கரின் கப்பலில் 39ஆம் எண் கொடி ஏறுகிறது: போரை நிறுத்து. செய்தி நெல்சனுக்கு வந்து சேர்கிறது. அவரோ, தன் கப்பலில் 'நெருங்கிப் போரிடு' என்ற கொடி இன்னும் பறக்கிறதா என்று கேட்டு, அதை இறக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார். பிறகு கேப்டன் ஃபோலியிடம், எனக்கு ஒரு கண்தானே, சில நேரம் பார்க்காமலிருக்க எனக்கு உரிமை உண்டு என்று சொல்லி, தொலைநோக்கியைப் பார்வையற்ற கண்ணில் வைத்து, கொடி எதுவும் தெரியவில்லை என்றாராம். போரில் வெற்றி. பார்க்கரைத் திருப்பி அழைத்துக்கொண்டு, தலைமையை நெல்சனிடமே கொடுத்தார்கள்.

கதையில் அது துணிச்சல். ஆனால் இன்றைய வழக்கில் அந்தத் தொடர் பெரும்பாலும் குற்றச்சாட்டாகவே வருகிறது. தட்டிக்கேட்கும் பொறுப்பில் இருப்பவர்கள்மேல்தான் அதை அதிகம் சொல்கிறார்கள். சட்டமும் இதை விடவில்லை. 2001இல், அப்போது அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரிட்டனின் பிரபுக்கள் அவை ஒரு கப்பல் காப்பீட்டு வழக்கில் இதே நெல்சனை எடுத்துக்காட்டி அலசியது. ஒருவன் கண்டும் காணாமல் இருந்தான் என்று சொல்ல வெறும் அலட்சியம் போதாது. உண்மை இன்னதாக இருக்கும் என்ற வலுவான சந்தேகம் இருந்து, அது உறுதியாகிவிடக் கூடாதென்றே விசாரிக்காமல் விட்டிருக்க வேண்டும். அப்படி விட்டவன் தெரிந்தவனுக்குச் சமம். எனக்கு இந்த விளக்கம் மிகவும் பிடித்திருக்கிறது.

சின்னத் தவறைப் பெரிதுபடுத்தாமல் போகட்டும் என்று விடுவதற்கும் இந்தத் தொடர் வரும். இடம் பார்த்துப் புரிந்துகொள். 'டர்ன் எ டெஃப் இயர்' (செவிட்டுக் காதைத் திருப்புவது) என்ற தொடர் வேறு. யாரோ கேட்டதை, முறையிட்டதைக் காதிலேயே போட்டுக்கொள்ளாததற்கு அது.

கொதிகலன் விபத்தைப் பற்றிய உன் மொழிபெயர்ப்புக் கட்டுரைக்கு வருகிறேன். கொதிகலனில் விரிசல் இருப்பதாக வந்த அறிக்கையின் ஒவ்வொரு பக்கத்திலும் ஆய்வாளர்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று இரண்டு பத்தி தள்ளி நீயே எழுதியிருக்கிறாய். அதன் பிறகும் 'கவனிக்கத் தவறினார்கள்' என்றால் அவர்களை நாமே தப்பவிட்டதாகிவிடும். இறந்தவர்களின் குடும்பத்தார் அதைப் படிப்பார்கள் அல்லவா? அந்த வரியைத் திருத்தி அனுப்பு. அச்சுக்குப் போகுமுன் முழுவதையும் ஒருமுறை படித்துத் தருகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்