மச்சாள், அந்தக் குளிசையை ஏன் எறிந்தீர்கள்?

அன்புள்ள மச்சாள்,

திருக்கோவிலுக்கு வந்துபோன நாளிலிருந்து மனசு கேட்கவில்லை, அதுதான் எழுதுகிறேன். நோவுக்கென்று கிளினிக்கில் தந்த குளிசையை மகன் போனில் தேடிப் பார்த்து "அம்மா, இது மனவருத்தத்துக்குக் கொடுக்கிறது" என்றதும் உறையோடு அலுமாரிக்கு மேலே எறிந்துவிட்டு, "எனக்கென்ன விசரா?" என்று கேட்டீர்கள்.

கல்லடியில் இருந்துகொண்டு நானும் அதே கேள்வியைக் கேட்டவள்தான். தோள், நாரி, முழங்கால் என்று மாறி மாறி உளைவு, விடிய எழும்பும்போதே நெல்மூட்டை சுமந்து இறக்கினதுபோல. இரத்தம் சோதித்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள். "ஒன்றுமில்லை" என்றார் ஒரு டொக்டர். ஒன்றுமில்லையென்றால் தேங்காய் துருவிவிட்டு எழும்ப நான் ஏன் சுவரைப் பிடிக்கிறேன்? வேறொருவர்தான் பெயர் சொன்னார்: ஃபைப்ரோமயால்ஜியா. மூட்டிலும் சதையிலும் பழுதில்லை, மூளையும் முள்ளந்தண்டு நரம்பும்தான் சின்ன நோவைக்கூடத் திருவிழா ஸ்பீக்கரில் போட்டதுபோல் பெரிதாக்கிவிடுகின்றன. எக்ஸ்ரேயில் அது எங்கே தெரியப்போகிறது!

நீங்கள் எறிந்த உறையை எடுத்துப் பார்த்தேன், அமிட்ரிப்டிலின், 10 மில்லிகிராம். மனச்சோர்வுக்கென்று வந்த மருந்துதான், ஆனால் அதற்கு இதைப்போலப் பல மடங்கு கொடுப்பார்கள். செரட்டோனின், நோரட்ரினலின் என்று மூளையில் இரண்டு சாமான்கள். மனநிலைக்கும் அவை வேண்டும், மேலிருந்து இறங்கி நோவைத் தணிக்கவும் அவையேதான் வேண்டும். அதனால்தான் இரண்டுக்கும் ஒரே குளிசை. முதல் கிழமை வாய் காயும், காலையில் கண்ணைச் சுழற்றும், எனக்கும் அப்படித்தான்.

இன்னொன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். ஆடி அமாவாசைக்கு இந்த முறை ஏன் கோயிலுக்குப் போகவில்லை? கால் நோவு மட்டும்தானா? இராத்திரி மூன்று மணிக்கு முழித்திருந்து அழுகிறீர்களே, அது? நீண்டநாள் நோவு மனதைச் சோர வைக்கும், சோர்ந்த மனம் நோவைக் கூட்டும், நடுவில் தூக்கம் கெடும். 1975இல் கனடாவில் நல்ல சுகமான ஆட்களை முழுதாக எழுப்பாமல், ஆழ்ந்த தூக்கம் வரும்போது மட்டும் சத்தம் போட்டுக் குழப்பிப் பார்த்தார்கள். சில இரவிலேயே அவர்களுக்கும் உடம்பு உளைவு வந்தது. எல்லாருக்கும் நோவும் மனச்சோர்வும் சேர்ந்து வருவதில்லை, சரி. உங்களுக்கு வந்திருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

நாங்கள் காய்ச்சலையும் வருத்தம் என்கிறோம், கவலையையும் வருத்தம் என்கிறோம். அப்போதெல்லாம் வராத வெட்கம் இந்தக் குளிசைக்கு மட்டும் ஏன்?

அடுத்த கிளினிக் என்றைக்கு? முதல் பஸ்ஸில் வருகிறேன். எறிந்த கதையை டொக்டரிடம் நானே சொல்கிறேன், அழுகிற கதையை நீங்கள் சொல்லவேண்டும்.