நடை மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

முதியோர் தினமும் நடக்க வேண்டும் என்று வலியுறுத்திய தங்கள் தலையங்கம் கண்டேன். நடை நல்லதுதான், ஆனால் 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்தில் 3 நாளாவது சமநிலை, தசைவலுப் பயிற்சிகளையும் செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கடலில் பாசி எடுத்து எங்களை வளர்த்த என் தாயார் நாள் தவறாமல் நடப்பவர். கிணற்றடியில் வழுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டார். இப்போது கதவு நிலையைப் பிடித்தபடி ஒற்றைக்காலில் நிற்கிறார். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுகிறார். பேரப்பிள்ளைகளுக்கு அது வேடிக்கை!

புயல் இல்லாத நாட்களில் நம் கடலோரப் புயல் பாதுகாப்பு மையங்களை இதற்குத் திறந்துவிடலாம். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்ட இயன்முறை மருத்துவர்கள், வெயில் ஏறும் முன், வாரம் மூன்று காலை அங்கே இவற்றைக் கற்றுத்தரட்டும்.

– ஒரு வாசகர், பாம்பன்