முன்னால் போனவர் கால்தடம்

அன்பு மாப்பிள்ளைக்கு,

தாத்தா சாவுக்கு வர முடியவில்லை என்று நீ போனில் அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது. லீவு கிடைக்காதது உன் தப்பு இல்லை. பாட்டியும் அதையேதான் சொன்னாள். போனை வைப்பதற்கு முன்னால் நீ ஒன்று கேட்டாய்: "தாத்தா சண்டையில என்ன பண்ணார் மாமா?" காலையில் கேட்டாய். அப்போது எனக்குப் பதில் தெரியாது. மதியம்தான் தெரிந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

தாத்தாவுக்குச் சொந்த ஊர் வேலூர்ப் பக்கம். 1962 சீனப் போருக்குப் பிறகு பட்டாளத்துக்கு நிறைய ஆள் எடுத்தார்கள் இல்லையா, அதில் சேர்ந்தவர். 1963இல், பத்தொன்பது வயசில், ஒரு தகரப் பெட்டியோடு நீலகிரியில் வெலிங்டன் ஸ்டேஷனில் மலை ரயிலை விட்டு இறங்கினார். மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டரில் பயிற்சி. பதினேழு வருஷ சர்வீஸ் முடிந்ததும் ஊருக்குப் போகாமல் திரும்ப இந்த மலைக்கே வந்துவிட்டார். கேத்தி பாலாடாவில் குத்தகைக்கு நிலம் பிடித்து கேரட் போட்டார். பென்ஷன் போதாது என்று ராத்திரியில் வாட்ச்மேன் வேலையும் பார்த்தார்.

உன் அம்மா நர்சிங் படித்த மூணு வருஷமும் அவர் எப்போது தூங்கினார் என்று எனக்குத் தெரியாது. விடியற்காலை டியூட்டி முடிந்து வருவார். பாட்டி கிளறி வைத்த களியை நின்றபடியே சாப்பிட்டுவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். கேரட் எடுக்கிற நாளென்றால் இன்னும் மோசம். இருட்டிலேயே பிடுங்கி, கழுவி, மூட்டை கட்டி மேட்டுப்பாளையம் மண்டிக்கு ஏற்றியாக வேண்டும். ஃபீஸ் கட்டும் நாள் மட்டும் தவறவே தவறாது. 2009 நவம்பர் மழையில் மலை முழுக்க மண் சரிந்ததே, அப்போது எங்கள் தோட்டத்திலும் கீழ்ப்பாதி போய்விட்டது. அறுபத்தைந்து வயசில் ஒவ்வொரு கல்லாகத் தூக்கி வைத்து அவரே சுவர் கட்டினார். நான் உதவிக்குப் போனேன் என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் முக்கால்வாசி அவர் கை வேலை.

சண்டையைப் பற்றி மட்டும் பேசமாட்டார். சின்ன வயசில் நீ "வீர மதராசி, அடி கொல்லு" என்று அவர் ரெஜிமென்ட்டின் போர் முழக்கத்தைக் கத்திக்கொண்டு வீட்டைச் சுற்றி ஓடும்போது லேசாகச் சிரிப்பார், அவ்வளவுதான்.

ஆனால் ஒரு பழக்கம் இருந்தது. தோட்டத்துக்குள் எங்களைக் கூட்டிப்போகும்போது அவர்தான் முன்னால் போவார். "என் கால் வச்ச இடத்துல கால் வை" என்பார். மழை பெய்த கறுப்பு மண்ணில் அவருடைய கம்பூட்ஸ் தடம் ஆழமாக விழுந்திருக்கும், அதில் தண்ணீர் ஊறி நிற்கும். அவர் எட்டுக்கு எங்கள் கால் எட்டாது. நானும் உன் அம்மாவும் தவளை மாதிரித் தாவித் தாவிப் போவோம். உன்னையும் அப்படித்தான் கூட்டிப்போனார், ஞாபகம் இருக்கும். நாற்று மிதிபடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறார் என்றே இத்தனை வருஷம் நினைத்தேன். ஒன்றும் விதைக்காத தரிசு நிலத்திலும் ஏன் அப்படியே சொன்னார் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

நீ போன் பண்ணிய அன்று மதியம் குன்னூரிலிருந்து அவருடைய பழைய பட்டாளத்துச் சிநேகிதர் ஒருவர் வந்தார். எண்பதைத் தாண்டியவர், கைத்தடி ஊன்றி வந்தார். அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து ரொம்ப நேரம் பேசவே இல்லை. அப்புறம் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டுச் சொன்னார்.

1971 டிசம்பர் 15 ராத்திரி. பாகிஸ்தானோடு போர் நடந்த நேரம். மேற்கு எல்லையில், ஷகர்கட் பகுதியில் இவர்களுடைய 16ஆவது மெட்ராஸ் பட்டாலியன் பசந்தர் ஆற்றைத் தாண்ட வேண்டும். அங்கே கண்ணிவெடி புதைத்து வைத்திருந்தார்கள். டாங்கிகளுக்கு எஞ்சினியர்கள் பாதை எடுக்கும்வரை காலாட்படை காத்திருக்க முடியாது. "எங்க வரிசையில உங்கப்பாதான் முதல் ஆள். நான் ரெண்டாவது. திரும்பிப் பார்க்காம ஒரே ஒரு வார்த்தை சொன்னான், என் கால் வச்ச இடத்துல கால் வைன்னு. அந்த இருட்டுல அவன் தடத்தைக் கையால தடவித் தடவிப் போனேன். அதனாலதான் இன்னிக்கு உன் முன்னால உட்கார்ந்திருக்கேன்."

நான் அப்பாவின் கால்களைப் பார்த்தேன். இரண்டு பெருவிரலையும் வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.

16ஆம் தேதி டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. ஊரெல்லாம் அந்த நாளைத்தான் கொண்டாடுகிறது. ஆனால் பசந்தரில் சண்டை அப்போதும் ஓயவில்லை. இவர்களுடைய கமாண்டிங் ஆபீசர் லெப்டினன்ட் கர்னல் வேத் பிரகாஷ் காய் அந்தச் சண்டையில்தான் உயிர்விட்டார். மறைவுக்குப் பின் அவருக்குப் போர் வீரத்துக்கான மகாவீர் சக்ரா விருது கொடுத்தார்கள். மேற்கு எல்லையில் போர் நின்றது 17ஆம் தேதி ராத்திரி எட்டு மணிக்கு.

இப்போது உனக்குப் புரியும். வருஷா வருஷம் டிசம்பர் 17 சாயங்காலம் தாத்தா குளிரில் வாசலில் உட்கார்ந்திருப்பாரே. யார் கூப்பிட்டாலும் உள்ளே வரமாட்டார். எட்டு மணியானதும் எழுந்து, "சரி, போய்ப் படுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போவார். ரம் குடிக்க உட்கார்ந்திருக்கிறார் என்று நாம் கிண்டல் செய்வோம். பாட்டி மட்டும் ஒரு தடவைகூடச் சிரித்ததில்லை. அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நேற்று 17. பாட்டி குமுட்டியில் கரி போட்டு வாசலில் கொண்டுவந்து வைத்தாள். நானும் உன் அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்தோம். யாரும் எதுவும் பேசவில்லை. எட்டு மணிக்குப் பாட்டி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"சரி, போய்ப் படுங்க."

பொங்கலுக்கு எப்படியாவது வா. உறைபனி விழ ஆரம்பித்துவிட்டது, நல்ல கம்பளியாக எடுத்து வா. தாத்தா போட்ட கேரட் தை மாசம் எடுக்க வேண்டும்.

அன்புடன்,
உன் மாமா