பைபோலார் நோயின் இரண்டாம் வகை லேசானது அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் பைபோலார் எனப்படும் இருதுருவ மனநிலைக் கோளாறு பற்றி அண்மையில் வந்த கட்டுரையைப் படித்தேன். வீட்டுக்குள்ளேயே பேசத் தயங்கும் ஒரு நோயைப் பெயர் சொல்லி எழுதியதற்கு முதலில் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அக்கட்டுரை இந்நோயை ‘ஒரு நேரம் சிரிப்பு, மறு நேரம் அழுகை’ என்று ஒரே வரியில் அடக்கியதுடன், அதன் இரண்டாம் வகையை ‘லேசான வகை’ என்றும் குறிப்பிட்டிருந்தது. அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். இந்த இரண்டு எண்ணங்களும் குடும்பங்களில் எவ்வளவு காலத்தையும் சில நேரங்களில் உயிரையுமே பறித்துவிடுகின்றன என்பதைப் பார்த்திருப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

காலையில் கோபப்பட்டு மாலையில் சமாதானமாகிவிடுவது பைபோலார் அல்ல. அது மனித சுபாவம். இந்நோயில் மாறுவது ஒரு மணி நேரத்து மனநிலை அன்று, ஒருவருடைய முழு இயக்கமும் நாட்கணக்கில், வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் மாறிவிடுகிறது. மருத்துவர்கள் பயன்படுத்தும் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோயறி கையேடு, மேனியா என்னும் மன எழுச்சி நிலைக்குக் குறைந்தது ஒரு வாரம், அதனினும் தணிந்த ஹைப்போமேனியாவுக்குத் தொடர்ந்து 4 நாட்கள், மனச்சோர்வுக்கு 2 வாரங்கள் என்று கால அளவை வரையறுத்திருக்கிறது. சிரிப்பையும் அழுகையையும்விட நாங்கள் முதலில் கேட்பது தூக்கத்தைப் பற்றித்தான். கவலையால் தூக்கம் வராதவர் ‘தூக்கமே இல்லை’ என்று மறுநாள் புலம்புவார். எழுச்சி நிலையில் இருப்பவரோ இரண்டு மூன்று மணி நேரம் கண்ணயர்ந்துவிட்டு, களைப்பின் சுவடே இல்லாமல் எழுந்து அடுத்த வேலையைத் தொடங்கிவிடுவார்.

முதல் வகையை அடையாளம் காண்பது ஒப்பீட்டளவில் எளிது, ஏனெனில் அது ஊருக்கே தெரிந்துவிடும். இடைவிடாத பேச்சு, எண்ணம் ஓடும் வேகத்துக்கு நாக்கு ஈடுகொடுக்க முடியாத நிலை, தன்னால் ஆகாதது எதுவுமில்லை என்ற நினைப்பு, நகையை அடகு வைத்தும் வட்டிக்கு வாங்கியும் செய்யும் செலவு, தடுத்தால் பொங்கும் சினம் என்று அது வளரும். தானே தெய்வம் என்றோ தன்னைக் கொல்லச் சதி நடக்கிறது என்றோ நம்புவதும், காதில் குரல் கேட்பதும் இந்நிலையில் பலருக்கு உண்டு. இதனாலேயே மனச்சிதைவு நோய் என்று தவறாக முடிவு கட்டப்பட்டவர்களும், ‘சாமி வந்திருக்கிறது’ என்று கோடாங்கியிடம் அழைத்துச் செல்லப்பட்டவர்களும் நிறைய. இப்படிப்பட்ட எழுச்சி வாழ்நாளில் ஒரே ஒரு முறை வந்திருந்தாலும், மனச்சோர்வு ஒருபோதும் வராமலே இருந்தாலும், அது முதல் வகை பைபோலார்தான். ‘என் தம்பிக்குச் சோர்வே வந்ததில்லையே, பிறகு எப்படி இருதுருவம்?’ என்று கேட்கும் உறவினர்களுக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இரண்டாம் வகையில்தான் சிக்கலே இருக்கிறது. இதில் மேனியா வருவதில்லை. ஹைப்போமேனியாவும் கடுமையான மனச்சோர்வும் வருகின்றன. ஹைப்போமேனியாவில் மாயக் குரல்கள் இல்லை, மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய அளவு குலைவும் இல்லை. ஆள் சுறுசுறுப்பாக, கலகலப்பாக, தாராளமாக இருப்பார். அதனால் இந்த நாட்களை யாரும் நோய் என்று எண்ணுவதில்லை, நோயாளியும் எண்ணுவதில்லை. புறநோயாளிகள் பிரிவுக்கு அவர் வந்து சேர்வது பெரும்பாலும் மனச்சோர்வில்தான்.

ஒரு தாயின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்). மஞ்சள் பையில் பழைய ஓ.பி. சீட்டுகளையும் பாதி தீர்ந்த மாத்திரை அட்டைகளையும் கட்டிக்கொண்டு மகனை அழைத்து வந்திருந்தார். மகன் தலை நிமிரவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் வரவே நேரமானது. இதற்கு முன் பார்த்த இடங்களிலெல்லாம் மனச்சோர்வு என்று சொல்லி மாத்திரை கொடுத்திருந்தார்கள். ‘தீபாவளி வரைக்கும் ரொம்ப நல்லாத்தான் இருந்தான் சிஸ்டர். கடையை அவனே எடுத்துக் கட்டினான், பஸ் ஸ்டாண்டு பக்கம் ரெண்டாவது கடையும் போட்டான்’ என்றார் அந்த அம்மா. மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ‘அப்போ ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குவான்?’ என்று கேட்டார். ‘எங்க தூங்கினான்? விடிய விடிய கணக்கு எழுதிக்கிட்டு, யாருக்காவது போன் பேசிக்கிட்டே இருப்பான்’ என்று பெருமையோடு சொல்லிக்கொண்டு வந்தவர், இரண்டாவது கடைக்காக வாங்கிய தண்டல் கடனைப் பற்றிச் சொல்லும்போது நிறுத்திக்கொண்டார். அந்தக் கேள்வி அதற்கு முன் அவரிடம் கேட்கப்படவே இல்லை. அந்தச் சீட்டுகள் எதிலும் இல்லாத நோயின் மறுபாதி, அன்று அவர் வாய்வழியாகத்தான் வெளியே வந்தது.

அது வெளியே வந்ததால் மருந்து மாறியது. பைபோலார் உள்ளவருக்கு மனநிலையைச் சமன்படுத்தும் மருந்து எதுவும் இல்லாமல், மனச்சோர்வு நீக்கும் மாத்திரையை மட்டும் கொடுத்தால், சிலருக்கு அதுவே எழுச்சி நிலையைத் தூண்டிவிடும். இன்னும் சிலருக்கு ஏற்ற இறக்கங்களின் இடைவெளி குறைந்துகொண்டே வரும். எனவே வகையைப் பிரித்தறிவது பெயருக்காகச் செய்யும் வேலை அன்று, எந்த மாத்திரை என்பதையே அது தீர்மானிக்கிறது. மனச்சோர்வுக்கு மருந்து எடுத்தும் குணம் தெரியாமல் மருத்துவரை மாற்றிக்கொண்டே இருக்கும் குடும்பங்களை நான் கேட்டுக்கொள்வது இதுதான்: அவர் சோர்ந்து கிடந்த நாட்களைச் சொல்வது போலவே, மிக நன்றாக இருந்ததாக நீங்கள் நினைக்கும் நாட்களையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அப்போதைய தூக்கம், செலவு, பேச்சு, கோபம் ஆகியவற்றை நோயாளியால் எடைபோட்டுச் சொல்ல முடியாது. கூட இருந்தவரால்தான் முடியும்.

‘லேசான வகை’ என்ற எண்ணத்துக்கு ஆய்வுகளும் இடம் தரவில்லை. அமெரிக்காவில் நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்து 2002, 2003ஆம் ஆண்டுகளில் வெளியான இரண்டு ஆய்வுகளில், முதல் வகையினர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வாரங்களை மனச்சோர்வின் அறிகுறிகளோடு கழித்திருந்தார்கள் என்றால், இரண்டாம் வகையினர் பாதி வாரங்களை அப்படிக் கழித்திருந்தார்கள். லேசாக இருப்பது எழுச்சி மட்டுமே. இறக்கம் நீண்டது, ஆழமானது. தற்கொலை ஆபத்து இரு வகையினருக்குமே பொதுமக்களைவிடப் பல மடங்கு அதிகம். இரண்டாம் வகை அந்த அமெரிக்கக் கையேட்டில் தனியாக இடம்பெற்றது 1994இல்தான். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலோ, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 11ஆம் பதிப்பில்தான் அதற்குத் தனி இடம் கிடைத்தது. பழைய சீட்டுகளில் வெறும் ‘பி.பி.ஏ.டி.’ (பைபோலார் கோளாறு என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று மட்டும் எழுதியிருப்பதைக் காணும் குடும்பத்தினர், எந்த வகை என்று மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கேட்பதில் தவறே இல்லை.

மற்ற வகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகச் சிறு ஏற்றமும் சிறு இறக்கமுமாக, எதுவும் முழு அளவை எட்டாமல் தொடர்வது சைக்ளோதைமியா. ஸ்டீராய்டு மருந்துகளாலும் போதைப் பொருட்களாலும் வேறு உடல்நோய்களாலும் இதே போன்ற நிலை வருவதுண்டு என்பதால், தைராய்டு உள்ளிட்ட இரத்தப் பரிசோதனைகளை மருத்துவர் எழுதித் தந்தால் அவற்றை வீண் செலவு என்று தள்ளக் கூடாது. ஓராண்டில் 4 முறையோ அதற்கு மேலோ ஏற்ற இறக்கங்கள் வருவதைத் தனி வகையாகச் சொல்வதில்லை. எந்த வகையிலும் அது நேரலாம். எழுச்சியின் வேகமும் சோர்வின் விரக்தியும் ஒரே நேரத்தில் கலந்து வரும் நிலைக்கு மட்டும் மிகுந்த எச்சரிக்கை தேவை. சாக வேண்டும் என்ற எண்ணமும் அதைச் செய்து முடிக்கும் வேகமும் அப்போது ஒன்றாக இருக்கின்றன. அந்நிலையில் ஒருவரைத் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். எங்கே போவது என்று தெரியாத நேரத்தில் ‘டெலி மானஸ்’ என்னும் அரசு மனநல உதவி எண்ணான 14416இல் தமிழிலேயே பேசலாம்.

சிகிச்சை என்றதும் மனநிலையைச் சமன்படுத்தும் மருந்தான லித்தியத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், மேனியா நோயாளிகளிடம் அது வேலை செய்வதை 1949இல் வெளியிட்டார். அதற்குப் பின் வால்புரோயேட், லாமோட்ரிஜின், குவெட்டியாபின் என்று எத்தனையோ மருந்துகள் வந்தும், நோய் திரும்பாமல் காப்பதில் லித்தியம் இன்றும் முன்வரிசையில் நிற்கிறது. தற்கொலை ஆபத்தைக் குறைப்பதில் இதற்குள்ள பங்கைப் பல ஆய்வுகள் எடுத்துக் காட்டியிருக்கின்றன. ஆனால் பயன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையே உள்ள தூரம் மிகக் குறைவு. இரத்தத்தில் பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள், 1.5ஐத் தாண்டினால் ஆபத்து. இந்தப் பரிசோதனைக்கு, கடைசி மாத்திரை சாப்பிட்டு 12 மணி நேரம் கழித்து இரத்தம் எடுக்க வேண்டும். ஆகவே காலை மாத்திரையைப் போட்டுக்கொள்ளாமல் வர வேண்டும்; இதைச் சொல்லி அனுப்பாததால் தவறான அளவு காட்டிய அறிக்கைகள் உண்டு. சிறுநீரகமும் தைராய்டும் குறிப்பிட்ட இடைவெளியில் சோதிக்கப்பட வேண்டும்.

நம் ஊர் வெயிலுக்கு இதில் தனிப் பங்கு இருக்கிறது. வியர்வையாலோ வயிற்றுப்போக்காலோ உடலில் நீரும் உப்பும் குறைந்தால், சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் தேக்கி வைத்துக்கொள்ளும். கத்திரி வெயிலில் வயல் வேலை, தண்ணீர் குடிக்காமல் நடக்கும் பாதயாத்திரை, உப்பில்லா விரதம், நீர்கூட அருந்தாத நோன்பு ஆகியவை அதே மாத்திரையை அதே அளவில் சாப்பிடுபவருக்கும் லித்தியத்தை ஏற்றிவிடும். மூட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகளும், இரத்த அழுத்தத்துக்குத் தரும் சில மாத்திரைகளும் இதையே செய்யும். கை நடுக்கம் திடீரென அதிகமாவது, வாந்தி, பேதி, நடையில் தள்ளாட்டம், பேச்சில் குழறல் ஆகியவற்றைக் கண்டால், அடுத்த வேளை மாத்திரையை நிறுத்தி வைத்துவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எந்தக் கடையில் எந்த மருந்து கேட்டாலும் ‘லித்தியம் சாப்பிடுகிறேன்’ என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்ல பழக்கம்.

வால்புரோயேட்டைப் பற்றிப் பெண்களைப் பெற்றவர்கள் அறிந்திருக்க வேண்டும். கருவுற்ற காலத்தில் அதை உட்கொண்டால் சிசுவின் முதுகுத்தண்டு உருவாவதில் குறைபாடும், பின்னாளில் அறிவு வளர்ச்சியில் பாதிப்பும் நேரலாம். திருமணப் பேச்சு எழும்போதே மருத்துவரிடம் சொன்னால் மருந்தை மாற்றத் திட்டமிடலாம். நம் வீடுகளில் நடப்பதோ வேறு: ‘கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்’ என்று மாத்திரையை மறைத்து, மாப்பிள்ளை வீட்டில் தெரியக் கூடாது என்று அதை நிறுத்தியும் விடுகிறார்கள். பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்கள் இந்நோய் திரும்பி வருவதற்கு மிக ஏதுவான காலம். மாத்திரை இல்லாமல், தூக்கமும் கெட்டு, சொந்த வீட்டாரும் அருகில் இல்லாத நிலையில் அந்தப் பெண் அதை எதிர்கொள்கிறாள். பெற்றோரில் ஒருவருக்கு நோய் இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்குப் பத்து என்ற அளவில்தான் சொல்லப்படுகிறது. மறைப்பதால் வரும் கேடு அதைவிடப் பெரிது என்பதே என் உறுதியான கருத்து.

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, பைபோலார் உள்ளவர்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் சிகிச்சை பெறவில்லை என்று கண்டது. 2001 ஆகஸ்ட் 6இல் ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகிய மாநிலம் நம்முடையது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் யாரையும் சங்கிலியால் பிணைப்பதைத் தடை செய்திருப்பதோடு, மற்ற நோய்களுக்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்றும், நலமாக இருக்கும்போதே தனக்கு எத்தகைய சிகிச்சை வேண்டும், தன் சார்பில் யார் பேச வேண்டும் என்பதை ஒருவர் எழுதி வைக்கலாம் என்றும் சொல்கிறது. எழுச்சியின்போது எடுத்த தன் முடிவுகளுக்காகவே பின்னால் வருந்த நேரிடும் பைபோலார் நோயாளிக்கு இந்தக் கடைசி உரிமை போல உதவும் பிரிவு வேறில்லை. இதைப் பயன்படுத்துவோர் எவரையும் நான் பணியில் இருந்தவரை கண்டதில்லை.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். மார்ச் 30 உலக பைபோலார் நாள். நம் பங்குனி வெயில் ஏறத் தொடங்கும் சமயம் அது. அன்றைய மருத்துவப் பக்கத்தில் இந்நோயின் வகைகளையும், மருத்துவரிடம் குடும்பத்தார் சொல்ல வேண்டிய விவரங்களையும், லித்தியம் எடுப்போர் கோடையில் கவனிக்க வேண்டியவற்றையும், மாவட்டவாரியாக லித்தியம் அளவுப் பரிசோதனை செய்யும் அரசு மருத்துவமனைகளின் விவரத்தையும், மனநல மருத்துவர் ஒருவரைக் கொண்டு எழுதச் செய்து, வெட்டி வைத்துக்கொள்ளும்படி வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மனநலப் பிரிவுச் செவிலியர்,
விருதுநகர் மாவட்டம்.