திருவிருந்து கப்பும் குப்பைத் தொட்டியும்: சபைக் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

போதகர் ஐயாவுக்கும் கமிட்டில இருக்கிற ஐயாமார், அம்மாமார் எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

திருவிருந்து பிளாஸ்டிக் கப்பைத் தூக்கிப் போட்டு கொளுத்தறதை நிறுத்தணும்னு நேர்ல சொல்லிப் பார்த்தேன், "அடுத்த மீட்டிங்ல பேசலாம்"னு சொன்னீங்க, மூணு மீட்டிங் ஆயிடுச்சு, அதான் எழுதறேன்.

இயேசுவை நினைச்சு அப்பமும் திராட்சரசமும் வாங்குற திருவிருந்து ஞாயிறுல எல்லாரும் கிளம்பின பிறகு கப் பொறுக்குற வேலை என்னோடது. விரல் நுனி அளவு பிளாஸ்டிக் கப், அடியில ஒரு சொட்டு திராட்சரசம் ஒட்டியிருக்கும், பெஞ்சுக்குக் கீழ உருண்டு கிடக்கிறதுல அதுக்குள்ள எறும்பு ஏறியிருக்கும். மாசம் 300 கப்னா வருஷத்துக்கு 3600. பொறுக்கி ஒரு கருப்பு பைல போட்டு பின்னாடி மதில்கிட்ட வைப்பேன், திங்கக்கிழமை அதை அங்கேயே வச்சு கொளுத்திடறாங்க. கரும்புகை மதில் தாண்டி அடுத்த வீட்டு துணிக்கொடி மேல போகுது. "இது என் இரத்தத்தினாலாகிய புதிய உடன்படிக்கை"னு முழங்கால் போட்டு வாங்கின பாத்திரம் மறுநாள் அடுத்தவங்க வீட்டுக் குழந்தை மூக்குக்குள்ள புகையா போகுதுன்னா நமக்கு ஏதோ எங்கயோ தப்பிடுச்சுன்னு தானே அர்த்தம்?

இந்த தனித்தனி கப் ஆதித் திருச்சபையில இருந்து வந்த வழக்கமும் இல்ல. 1882ல காசநோய்க் கிருமியைக் கண்டுபிடிச்சாங்க, அதுக்கப்புறம் ஒரே பாத்திரத்துல எல்லாரும் குடிக்கிறதுக்கு ஜனங்க பயந்தாங்க, 1890கள்ல அமெரிக்கச் சபைகள்ல தனிக் கப் பரவிச்சு. அந்த பயம் நியாயமானதுதான், நான் அதைக் குறை சொல்லல. ஆனா அன்னிக்கு வந்தது கண்ணாடிக் கப், கழுவி கழுவி வச்சுக்கிட்டாங்க. தூக்கிப் போடுற பழக்கம் நாம பின்னாடி சேர்த்துக்கிட்டது.

கமிட்டில ஒரு பெரியவர் என்கிட்ட, "தம்பி, கடைசியில பூமியே வெந்து போகும்னு பேதுரு எழுதியிருக்காரே, இதுக்கு ஏன் இவ்ளோ கவலை"ன்னார். அப்போ பதில் வரல, வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் தோணிச்சு, அப்படின்னா சபைக் கட்டிடத்துக்கு எதுக்கு பெயின்ட் அடிக்கிறோம்? அதே பேதுரு, "இப்படி இவைகளெல்லாம் அழிந்துபோகிறதாயிருக்கிறபடியால்" நீங்க எப்படிப்பட்ட நடக்கை உள்ளவங்களா இருக்கணும்னு தான் அடுத்த வசனத்துல கேக்கறார். எப்படியும் போகப் போற பொருள்தானே, இஷ்டத்துக்கு நாசம் பண்ணுங்கன்னு அவர் சொல்லவே இல்லயே.

பைபிள்ல ஆதியாகமம் 2:15 எல்லாருக்கும் மனப்பாடம், ஏதேன் தோட்டத்தைப் "பண்படுத்தவும் காக்கவும்" கடவுள் மனுஷனை வச்சார். எபிரேயத்துல அந்த "காக்கவும்"ங்கிற சொல்லும், ஆராதனை முடிவுல ஐயா கை உயர்த்தி "கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன்னைக் காக்கக்கடவர்"னு சொல்ற சொல்லும் ஒண்ணே. "பண்படுத்தவும்"ங்கிறதோ, நம்ம வீட்டுச் சுவர்ல எல்லாம் தொங்குதே, "நானும் என் வீட்டாருமோவென்றால், கர்த்தரையே சேவிப்போம்", அந்த "சேவிப்போம்" பிறந்த அதே வேர்ச்சொல். இதைத் தெரிஞ்சுக்கிட்ட நாள்ல இருந்து ஆசீர்வாதம் வாங்கிட்டு எழுந்து அந்த கருப்பு பையைத் தூக்கறதுக்கு கூச்சமா இருக்கு.

செப்டம்பர் 1ஐ சிருஷ்டிப்புக்கான, அதாவது கடவுள் படைச்ச இயற்கைக்கான, ஜெப நாளா ஆர்த்தடாக்ஸ் சபையோட பேராயர், கான்ஸ்டான்டிநோபிள் பேட்ரியார்க் டிமிட்ரியோஸ் 1989ல அறிவிச்சார், இப்போ பல சபைகள் அன்னிக்கு ஆரம்பிச்சு அக்டோபர் 4, இயற்கையை நேசிச்ச புனிதர் அசிசி பிரான்சிஸ் நாள் வரைக்கும் கொண்டாடறாங்க. நாமளும் போன வருஷம் மரக்கன்னு நட்டோம், போட்டோ எடுத்தோம், குரூப்ல போட்டோம். மூணு மாசத்துல காஞ்சு போச்சு. தண்ணி ஊத்தற பொறுப்பு யாருக்குன்னு ஒருத்தரும் பேசல (நானும் தான், மறைக்கல).

நான் ஒண்ணும் பரிசுத்தவான் இல்ல, இதையே ஏசி போட்டுட்டு தான் டைப் பண்றேன், நடக்கிற தூரத்துக்கும் வண்டி எடுக்கிற ஆளு. ஆனா ஐயாயிரம் பேருக்கு சாப்பாடு போட்ட கையோட இயேசு, "ஒன்றும் சேதமாய்ப் போகாதபடிக்கு, மீதியான துணிக்கைகளைச் சேர்த்துவையுங்கள்"னாரே. அற்புதமாவே அப்பம் வரவழைக்க முடிஞ்சவருக்கு துணிக்கை எதுக்கு? அப்படியும் 12 கூடை சேர்த்தாங்க. நம்ம அன்பின் விருந்து, அதான் சபையா உக்காந்து சாப்பிடறது, முடிஞ்சதும் போய்ப் பாருங்க, பாதி குடிச்ச தண்ணி பாட்டில் மேஜைக்கு எத்தனை நிக்குதுன்னு.

கேக்கறது பெருசா ஒண்ணும் இல்ல. கொளுத்தறதை இந்த வாரமே நிறுத்துங்க. கண்ணாடிக் கப் வாங்குங்க, ஒருதரம் செலவு தான். யார் கழுவுறதுன்னு தானே போன தடவை பேச்சு நின்னது? வெந்நீர்ல சோப்பு போட்டு கழுவி, துடைச்சு, தட்டுல கவுக்கற வரைக்கும் நான் பொறுப்பு. வாலிபர் ஐக்கியத்துல நாலு பேர்கிட்ட கேட்டுட்டேன், சரின்னுட்டாங்க, ரோஸ்டரும் எழுதியாச்சு. அடுத்த திருவிருந்து ஞாயிறுக்கு முன்னாடி ஒரு பதில் சொல்லுங்க, முடியாதுன்னா ஏன் முடியாதுன்னாவது சொல்லுங்க.

இப்படிக்கு,
கப் பொறுக்குற சபை அங்கத்தினர்