பிள்ளைகளுக்கும் ஒரு பார்ட் எழுதச் சொல்லுங்கள்

கர்த்தருக்குள் அன்பான சேகரத் தலைவர்களுக்கும், கமிட்டி அங்கத்தினர்களுக்கும், கொயர் மாஸ்டர்களுக்கும்,

ஸ்தோத்திரம். இருபது வருடமாகப் பாடகர் குழுவில் டெனர், அதாவது ஆண்களின் மேல்குரல், பாடுகிற ஒருவன் எழுதுகிறேன்.

எங்கள் சனிக்கிழமை பிராக்டீஸுக்கு ஆல்டோ என்ற பெண்களின் கீழ்க்குரலைப் பாடும் ஒரு அக்கா தம் மகளையும் கூட்டிவருவார். நாலாம் வகுப்புப் பிள்ளை. பின் பெஞ்சில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கும். போன லெந்து காலத்தில் ஒருநாள் ஆல்டோ வரிசை மொத்தமும் ஓரிடத்தில் தடுமாறி நின்றுவிட்டது. அந்தப் பிள்ளை நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலே அந்த வரியைச் சுருதி பிசகாமல் பாடி முடித்தது. இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு நம் ஆராதனையில் என்ன இடம்? பாலர் ஞாயிறு ஒன்று. கேரல் ஆராதனையில் ஆக்‌ஷனோடு ஒரு பாட்டு. அது முடிந்ததும் அவர்களை ஹாலுக்கு அனுப்பிவிட்டு நாம் நாலு பார்ட்டில், அதாவது நாலு தனித்தனிக் குரல்வரிசையில், பாடத் தொடங்குகிறோம்.

பெரியவர்களும் பிள்ளைகளும் ஒரே படைப்பில் நின்று பாடும்படி எழுதப்பட்ட திருச்சபை இசை எத்தனையோ உண்டு. ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக், மத்தேயு சுவிசேஷத்தின்படி இயேசு பட்ட பாடுகளை வைத்து எழுதிய படைப்பின் முதல் பாட்டிலேயே, பெரியவர்களின் புலம்பலுக்கு மேலே தனி அணி ஒன்று தேவ ஆட்டுக்குட்டியைப் பாடுகிறது. ஆனால் என்னை உலுக்கியது இங்கிலாந்தின் கவென்ட்ரியில் நடந்தது. 1940 நவம்பர் 14 இரவு குண்டுவீச்சில் அந்த ஊர்ப் பேராலயம் அழிந்தது. பக்கத்தில் புது ஆலயம் எழும்பி, 1962 மே 30 அன்று அங்கே பெஞ்சமின் பிரிட்டன் என்ற இசையமைப்பாளரின் 'வார் ரெக்வியம்' (போரில் மாண்டோருக்கான ஜெப இசை) முதன்முதலாகப் பாடப்பட்டது. முதல் உலகப் போரில் மாண்ட கவிஞர் வில்ஃபிரட் ஓவனின் கவிதைகளை லத்தீன் ஜெபங்களோடு கோத்த படைப்பு அது. அதில் ஓரிடத்தில், வேதத்தில் உள்ளதற்கு மாறாக, ஆபிரகாம் ஆட்டுக்கடாவைப் பலியிட மறுத்து மகனையே வெட்டுகிறான். ஐரோப்பாவின் பாதி விதையை, அதாவது சந்ததியை, ஒவ்வொன்றாக வெட்டினான் என்று இரண்டு ஆண்குரல்கள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. அதே நேரத்தில், தூரத்தில் சின்ன ஆர்கனோடு நிற்கும் சிறுவர்கள், உமக்குப் பலியையும் ஜெபங்களையும் ஒப்புக்கொடுக்கிறோம் என்று லத்தீனில் பாடுகிறார்கள். வெட்டப்படுகிற வயதை எட்டப்போகிறவர்களே அதைப் பாடுகிறார்கள். அந்தப் பார்ட்டைப் பெரியவர்கள் எவ்வளவு திறமையாகப் பாடினாலும் அதற்கு அந்த அர்த்தம் வராது.

இங்கிலாந்தின் இசையமைப்பாளர் ஜான் ரட்டர் 2001இல் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மகனை விபத்தில் இழந்தார். அதற்குப் பிறகு, 2003இல் வெளிவந்தது அவருடைய 'மாஸ் ஆஃப் தி சில்ட்ரன்' (பிள்ளைகளின் திருப்பலி இசை). ஆயர் தாமஸ் கென் 17ஆம் நூற்றாண்டில் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று எழுதிய காலைப்பாட்டைச் சிறுவர்கள் அதில் பாடுகிறார்கள். பிறகுதான் பெரியவர்கள் இரக்கம் கேட்கிறார்கள். மகனைப் பறிகொடுத்த தகப்பன் முதல் வார்த்தையைப் பிள்ளைகளிடம் கொடுத்திருக்கிறார்.

இதெல்லாம் வெள்ளைக்காரர் சமாசாரம், நமக்கெதற்கு என்று ஒரு மூத்தவர் என்னிடம் சொன்னார். ஐயா, நாம் பார்ட் படிக்கிற சோல்ஃபாவே (டோ, ரே, மீ என்று சுரங்களைச் சொல்லும் முறை) பிள்ளைகளிடமிருந்து வந்ததுதான். இங்கிலாந்தின் நார்விச்சில் சாரா குளோவர் அம்மையார் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லித்தர உண்டாக்கிய முறை அது. ஞாயிறு பள்ளிகளில் பாட்டை எப்படிச் சொல்லித்தருவது என்று 1841இல் கேட்கப்பட்ட ஜான் கர்வன் போதகர் அதை வளர்த்துப் பரப்பினார்.

நான் கேட்பது ஒன்றுதான். நம் திருமண்டலத்தில் மெட்டமைக்கத் தெரிந்த ஒருவரிடம், வருகிற உயிர்த்தெழுதல் பண்டிகைக்குத் தமிழில் பத்து நிமிடப் படைப்பொன்றை எழுதச் சொல்லுங்கள். பெரியவர்களுக்கு நாலு பார்ட், பிள்ளைகளுக்கு அவர்களுக்கே சொந்தமான ஒரு வரி. சோப்ரானோ என்ற பெண்களின் மேல்குரலை இரட்டிப்பதற்காக அவர்களை நிறுத்த வேண்டாம். வேதநாயகம் சாஸ்திரியார் காலம் முதல் கீர்த்தனை நம் சொத்து, ராகத்துக்குப் பஞ்சமில்லை. மோகன ராகத்தில் அரைச்சுர இடைவெளியே கிடையாது. ஒரே மெட்டை இரண்டு அணி முன்பின்னாகப் பாடினாலும் காதில் உரசாது; பழகாத பிள்ளைகளும் துணிந்து பாடலாம்.

பிள்ளைகளைக் கேலரியிலோ மேற்கு வாசலருகிலோ நிறுத்துங்கள். ஆளுக்கொரு மைக் வேண்டாம், தொண்டை கிழியக் கத்தச் சொல்லவும் வேண்டாம். அந்த மெல்லிய குரல் ஆலயத்தின் கூரைக்குத் தானாகவே ஏறும். மார்ச் மாதம் பெரிய வகுப்புகளுக்குப் பரீட்சை வரும். நாலு முதல் எட்டு வரை படிக்கிறவர்களை வைத்துத் தொடங்கலாம்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தின் அஜெண்டாவில் தயவுசெய்து இதைச் சேருங்கள். பெரியவர்கள் பிராக்டீஸ் சனிக்கிழமை ஆறு மணிக்கு. பிள்ளைகளை ஐந்தேகாலுக்கு வரச் சொல்லுங்கள். ஹார்மோனியத்தோடு நான் வந்திருப்பேன்.

கர்த்தருக்குள்,
டெனர் வரிசையிலிருந்து ஒருவன்