கெட்டி ஆயில் ஊற்றினால் சத்தம் போகும், கோளாறு போகாது

ஆசிரியருக்கு வணக்கம்.

பத்துப் பதினைந்து வருடம் ஓடிய காரில் இன்ஜின் சத்தம் கேட்கத் தொடங்கினால், நீலகிரியில் பலரும் முதலில் கெட்டி ஆயிலுக்கு மாறுகிறார்கள். 20டபிள்யூ-50 என்ற கெட்டி ரக ஆயிலை ஊற்றினால் சத்தம் குறைவது உண்மைதான். ஆனால் ஜனவரி மாதம் உறைபனி விழுந்த ஊட்டிக் காலையில் அந்த ஆயில் மேலே வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் தண்டு வரை போய்ச் சேரத் தாமதமாகும். அந்தச் சில விநாடிகளில்தான் தேய்மானம் அதிகம். வண்டியின் கையேடு அதைவிட இளகிய 10டபிள்யூ-30 சொன்னால் அதையே ஊற்றுங்கள்.

அதற்கும் முன்னால் ஆயில் அளவைப் பாருங்கள். நம் ஊரில் சமதரையில் நிற்கும் வண்டி அபூர்வம். சரிவில் நிறுத்திக் குச்சியை இழுத்துப் பார்த்தால் அளவு கூடவோ குறையவோ காட்டும். பெட்ரோல் பங்க் போன்ற சமமான இடத்தில், இன்ஜினை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்துப் பார்க்க வேண்டும். ஆயில் குறைந்த வண்டியில் கொண்டை ஊசி வளைவுகளில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சும். வளைவில் மட்டும் ஆயில் விளக்கு மினுக்கினால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

அளவு சரியாக இருந்தும் காலையில் ஸ்டார்ட் செய்ததும் இரண்டு மூன்று விநாடி கடகடவென்று அடித்து அடங்குகிறதா? மலிவான ஆயில் ஃபில்டரைச் சந்தேகப்படுங்கள். உள்ளே ஆயிலைப் பிடித்து வைக்கும் ரப்பர் வால்வு கெட்டுப்போய், இரவில் ஆயில் முழுவதும் கீழே வடிந்திருக்கும்.

சூடான பிறகும் மேலே டிக்டிக் என்று கேட்டால், வால்வை அழுத்தித் திறக்கும் டேப்பெட். ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டை வைத்து, கையேட்டில் உள்ள இடைவெளிக்குச் சரி செய்ய வேண்டும். காதை நம்பி இறுக்கினால் சத்தம் போகும், கொஞ்ச நாளில் வால்வும் கருகும். (இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டேப்பெட்டில் இந்த வேலையே கிடையாது.) குளிரில் டிக்டிக்கென்று கேட்டு, சூடானதும் குறைவது புகை வெளியேறும் குழாய் இன்ஜினோடு சேரும் இடத்தில் உள்ள எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கட்டின் கசிவாகவும் இருக்கலாம். கேஸ்கட் ஓரத்தில் கரிக்கோடு தெரியும். இதை டேப்பெட் என்று நினைத்து இன்ஜின் தலையைத் திறந்துவிடுகிறார்கள்.

மலைக்கே உரிய இன்னொரு சத்தம் உண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது கல்லாறு, பர்லியார் பக்கம் கிணுகிணுவென்று அடிக்கும் பழைய கார்புரேட்டர் வண்டி, குன்னூர் வந்ததும் அமைதியாகிவிடும். இன்ஜின் 'செட் ஆகிவிட்டது' என்பார்கள். அப்படி ஒன்றும் ஆகவில்லை. ஊட்டியில் காற்றழுத்தம் சமவெளியைவிட ஏறத்தாழக் கால் பங்கு குறைவு. இழுவை போதவில்லை என்று இங்கே டைமிங்கை, அதாவது பிளக்கில் தீப்பொறி விழும் நேரத்தை, முன்னால் தள்ளி வைக்கிறார்கள். கீழே இறங்கி அடர்ந்த காற்றைச் சுவாசித்ததும் அதே டைமிங்கால் அந்தக் கிணுகிணுச் சத்தம் (நாக்கிங்) வருகிறது. உள்ளே கார்பன் படிந்திருந்தால் இன்னும் மோசம். டைமிங்கைக் கம்பெனிக் குறிக்கே கொண்டு வாருங்கள். ஏற்றத்தில் மூன்றாம் கியரில் திணற விடாமல் இரண்டாவதுக்கு இறங்குங்கள். இவ்வளவு செய்தாலே பாதி வண்டிகளில் நின்றுவிடும்.

பெல்ட் கீச்சென்று கத்தினால் அதன் மேல் சிறிது தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சத்தம் சட்டென்று மாறினால் பெல்ட்தான். ரிவர்ஸ் போடும்போது மட்டும் டங்கென்று இடித்தால், இன்ஜினைத் தாங்கும் இன்ஜின் மௌண்ட்.

கீழிருந்து கனமாக டொக் டொக்கென்று வருவதுதான் பயப்பட வேண்டிய சத்தம். ஒவ்வொரு சிலிண்டராகப் பிளக் இணைப்பைத் துண்டித்துப் பார்க்கும்போது, ஏதாவது ஒன்றில் சத்தம் குறைந்தால் அந்தச் சிலிண்டரின் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடின் பேரிங் போயிருக்கிறது. அந்த வண்டியை மலைப்பாதையில் ஓட்டவே கூடாது, கட்டி இழுத்துத்தான் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும்.

பழைய கார் வாங்குகிறவர்கள் அதிகாலையில், விற்பவர் ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே போய் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் அன்றைக்குத் திரும்பிவிட்டு, இன்னொரு நாள் சொல்லாமல் போங்கள்.

இப்படிக்கு,
கார் பட்டறைக்காரர்கள்,
குன்னூர்.